நடுவே நிற்பவர்கள்

2003 ஏப்ரலில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த பொது மாநாட்டில், மார்மன் சபையின் அன்றைய தலைவர் கார்டன் ஹிங்க்லி தம் மக்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொன்னார். இந்தச் சபை உண்மையானதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மோசடியாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் நிற்க இடமில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது புதிதல்ல. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசத்தன்று, மேடையேறி 'இந்தச் சபை உண்மை என்று நான் அறிவேன்' என்று சாட்சி சொல்லியே வளர்ந்தவர்கள் அவர்கள். 'நம்புகிறேன்' என்றுகூட இல்லை, 'அறிவேன்'.

அந்தச் சபையை விட்டு வெளியே வந்தவர்களின் மனம்தான் என்னை ஈர்க்கிறது. விட்ட பிறகு அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று வெளியார் நினைக்கிறார்கள். சபைக்குள் இருப்பவர்களோ, 'போனவர்களுக்குச் சபையை விட்டுப் போகத் தெரிகிறது, அதைச் சும்மா விடத் தெரியவில்லை' என்று பழிக்கிறார்கள். இரண்டு பேச்சும் அந்த மனத்தைத் தொடுவதில்லை. காலையில் கோபத்தோடு பேசிய அதே வாய், மாலையில் பழைய துதிப்பாட்டை முணுமுணுக்கிறது. பத்து வருடம் கழித்தும் இது அடங்குவதில்லை.

அவர்கள் விட்டது ஒரு ஞாயிறு வழிபாட்டை மட்டும் என்றால் இத்தனை பாடு இருக்காது. ஒரு குடும்பம் எந்தத் தெருவில் குடியிருக்கிறதோ அதை வைத்தே அதன் வார்டு, அதாவது உள்ளூர்ச் சபைப் பிரிவு, தீர்மானிக்கப்படும். அந்த வார்டின் பிஷப் சம்பளம் வாங்காதவர். வாரநாட்களில் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ இருப்பவர். எல்லாருக்கும் ஏதாவது ஒரு பொறுப்பு உண்டு. குழந்தை பிறந்தால், ஆள் இறந்தால், வேலை போனால், பெண்கள் சங்கத்தார் சமைத்த பாத்திரத்தோடு வாசலில் நிற்பார்கள். திங்கட்கிழமை இரவு குடும்பத்துக்கு. உபவாச நாளில் மிச்சமான இரண்டு வேளைச் சாப்பாட்டின் பணம் ஏழைக்கு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. பதினெட்டு வயதில் மகன் மதம் பரப்பும் இரண்டு வருட மிஷனுக்குப் புறப்படுவான். 2019 வரை அந்த இரண்டு வருடத்தில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச அனுமதித்தது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான். திரும்பி வரும்போது போர்த்துகீசோ தகாலோகோ சரளமாகப் பேசுவான். பின்னாளில் விசுவாசம் போகலாம். அந்த மொழியும், அந்த ஊரில் சோறு போட்ட கிழவிகளும் மனத்தைவிட்டுப் போவதில்லை.

நீ ஒரு வாரம் வரவில்லை என்பதைக் கவனித்து நலம் விசாரிக்க வந்த கண்தான், நீ காபிக் கடையிலிருந்து வெளியே வந்ததையும் கவனித்தது. இரண்டையும் பிரிக்க முடியாது. ஆலயத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்குப் பிஷப்பின் நேர்காணல் உண்டு. தசமபாகம் கொடுத்தாயா, டீ, காபி, மது, புகையிலை தொட்டாயா, ஒழுக்கம் தவறினாயா என்று கேட்பார்கள். சீட்டு இல்லாத தாய், மகளின் திருமணத்தன்று ஆலயத்துக்கு வெளியே காத்திருக்க வேண்டும். வெளியில் எல்லாரும் பார்க்க மணமுடித்துவிட்டு ஆலயத்துக்குப் போகலாமே என்றால், அமெரிக்காவில் 2019 வரை அப்படிச் செய்தவர்கள் ஆலயச் சடங்குக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. குடும்பம் மரணத்துக்குப் பின்னும் பிரியாது என்று கற்பிக்கும் சபை, அந்த ஒரு பகலில் தாயை வாசலில் நிறுத்தியது. அந்த வாக்குறுதியின் இனிமையும் அந்த வாசலின் கொடுமையும் ஒரே போதனையிலிருந்து பிறந்தவை. வெளியேறியவர் இனிமையை நினைத்து அழும்போதே கொடுமையும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

சபையின் வரலாறும் அவர்களைக் காயப்படுத்தியது. சபை தானே 2014இல் வெளியிட்ட கட்டுரைகளில், நிறுவனர் ஜோசப் ஸ்மித்துக்குப் பல மனைவியர் இருந்தனர் என்றும், அவர்களில் ஒருத்திக்கு மணமானபோது பதினைந்து நிரம்பவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. மறுவருடம் ஒரு பழுப்புக் கல்லின் படத்தை வெளியிட்டது. அப்படியொரு கல்லைத் தொப்பிக்குள் வைத்துப் பார்த்துத்தான் அவர் சபையின் வேதமான மார்மன் நூலைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார் என்பதை, அந்த நூல் பொறிக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்படும் பொன் தகடுகளின் மேல் விரலோட்டிப் படிக்கும் ஓவியத்தைப் பார்த்தே வளர்ந்த பலர் அப்போதுதான் அறிந்தார்கள். கல்லைவிட அவர்களைச் சுட்டது வேறு. மிஷன் காலத்தில் யாரோ இதைச் சொன்னபோது, எதிரிகளின் பொய் என்று முழு மனத்தோடு மறுத்திருந்தார்கள். தாங்கள் சொன்ன சாட்சிக்குத் தாங்களே பொறுப்பு என்று உணரும் மனச்சாட்சிதான் பலரை வெளியே கொண்டுவந்தது. அந்த மனச்சாட்சியை ஊட்டியதும் சபைதான். எந்தச் சபை உண்மை என்று தெரியாமல் தவித்த பதினான்கு வயதுப் பையன் ஜோசப் ஸ்மித் தனியே தோப்புக்குள் போய்க் கடவுளைக் கேட்டான் என்பதுதான் ஒவ்வொரு மார்மன் குழந்தையும் கேட்டு வளரும் முதல் கதை. அந்தக் கேள்வியை அவர்களும் கேட்டார்கள், அவ்வளவே.

லவினா ஃபீல்டிங் ஆண்டர்சனை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் தானாக வெளியேறியவர் அல்ல, வெளியேற்றப்பட்டவர். அறிவாளிகளிடம் சபை நடந்துகொண்ட முறையை ஆண்டு வாரியாகத் தொகுத்து எழுதியதற்காக, 1993 செப்டம்பரில் சபை நீக்கம் செய்யப்பட்டார். அதன் பிறகும் வாரந்தோறும் தம் வார்டுக்குப் போனார். திருவிருந்தின் அப்பமும் தண்ணீரும் வரிசையில் கைமாறி வரும், அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதியதையும் திரும்பப் பெறவில்லை. 2019இல் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள உள்ளூர்த் தலைவர்கள் இசைந்தும், தலைமை மறுத்தது. 2023இல் மீண்டும் உறுப்பினர் ஆகாமலே இறந்தார். உண்மையா மோசடியா என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையில் இடமே இல்லை. அவருக்கு அது வீடு, அந்த வீட்டில் தவறு நடந்தது, இரண்டையும் அவர் சொன்னார்.

வெளியேறிய புதிதில் பலர் எல்லாவற்றையும் வெறுக்கிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன், ஏமாந்தவரின் கோபம் நியாயமானது. ஆனால் முழுவதும் பொய், முழுவதும் கேடு என்று சொல்லும் வரை அவர்கள் ஹிங்க்லியின் விதிக்குள்தான் இருக்கிறார்கள். விடை மாறியிருக்கிறது, கேள்வித்தாள் அதேதான். நன்றியும் கோபமும் ஒரே நெஞ்சில் கிடக்கட்டும் என்று விடுகிற நாளில்தான், இல்லவே இல்லை என்று சொல்லப்பட்ட அந்த இடத்தில் அவர்கள் கால் வைக்கிறார்கள். மற்றவர்களுக்குக் குழப்பமாகத் தெரியும் அந்தக் கலந்த மனமே அவர்கள் முழுதாக வெளியேறியதற்கு அடையாளம் என்பேன்.

அந்தக் கலந்த மனத்துக்கு ஓர் உதாரணம். 1856இல் பிரிட்டனிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வந்த ஏழை விசுவாசிகள், வண்டி மாடு வாங்கக் காசில்லாமல் கைவண்டிகளைத் தாமே இழுத்துக்கொண்டு, சபையார் குடியேறியிருந்த யூட்டாவுக்கு நடந்தார்கள். தாமதமாகப் புறப்பட்ட இரண்டு குழுக்கள் வயோமிங் பனியில் சிக்கின. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வண்டியை இழுத்த ஒருத்தியின் பேரனுக்குப் பேரன் இன்று சபையில் இல்லை. அவள் தவறாக நம்பினாள் என்று அவர் நினைக்கலாம், புறப்பட அனுமதித்த தலைவர்கள் மேல் ஆத்திரப்படலாம். ஜூலை 24, முன்னோடிகள் தினத்தன்று தம் பிள்ளைகளுக்கு அவள் பெயரைச் சொல்லித் தரவும் செய்யலாம். அதற்கு அவர் எந்தப் பிஷப்பிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை, சபையை வெறுக்கும் நண்பர்களிடம் விளக்கம் சொல்லவும் வேண்டியதில்லை.