மண்ணுக்கு உரியவர் யார்?

கண்டியைச் சூழ்ந்த குன்றுகளிலே வீட்டு மனைக்காகச் சரிவுகள் வெட்டப்படுகின்றன. பெக்கோ இயந்திரம் மண்ணைப் புரட்டுகையில் சில வேளை ஒரு சிறு பாம்பு வெளியே விழுகின்றது. கூரிய தலை, கேடயம்போல் மழுங்கிய வால். எது தலை, எது வால் என்று அறியுமுன்னே அதை அடித்துக் கொன்றுவிடுகிறோம். நஞ்சற்றது அது, மண்ணைத் துளைத்து, மண்புழுவைத் தின்று வாழ்வது. இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இக் கேடயவால் பாம்புக் குடும்பம் இல்லை.

இவற்றுள் ஒன்றின் விஞ்ஞானப் பெயர் 'ரைனோபிஸ் பிலிப்பினஸ்'. 1829இல் வைத்த பெயர் பிலிப்பைன்சைச் சுட்டுகின்றது. பாம்போ இலங்கைக்கே உரியது. பிறந்த மண்ணில் அந்நியப் பெயர் சுமப்பது நமக்குப் புதிதா? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை அப்படித்தானே ஆக்கியது! மனிதனையும் பாம்பையும் நாம் சமமாக்கவில்லை. மண்ணுக்கு உரியவரை அந்நியராக்கும் பார்வையையே சுட்டுகிறோம்.

"மனிதனுக்கே வீடில்லை, பாம்புக்காக அழுவதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், வெட்டிய சரிவில் எழும் மாடி விடுதி வீடற்றவனுக்கா உரியது? தாங்குசுவரும் வடிகாலுமின்றிச் செங்குத்தாய் வெட்டிய மண் மழையில் ஊறிச் சரிந்தால், அடிவாரத்துக் குடிசைதான் முதலில் புதையும். 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்தபோது புதையுண்டவை லயன் அறைகளே.

பாம்பு நமக்குப் பயன்பட வேண்டுமென்பதில்லை. அழிக்கும் வலிமை நம்மிடம் இருப்பதால் காக்கும் கடமையும் நம்முடையதே. மண்வெட்டி பிடித்த கூலித் தொழிலாளியை நாம் குற்றஞ்சாட்டோம். மண்ணை வெறும் விலைப்பண்டமாக்கியவனையே கேட்போம்: வெட்டாமல் விட வேண்டிய காட்டுத் துண்டு எங்கே?