யயாதி வாங்கிய இளமை

நரைத்த தலையைக் கறுப்பாக்கிக்கொள்வது தர்மத்துக்கு ஒத்ததுதானா என்ற கேள்வி இக்காலத்தில் அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் நம் தேசத்துப் பழைய ஞானிகளும் கவிகளும் நரையை அற்ப விஷயமாக நினைக்கவில்லை. கம்பன் காட்டும் தசரத சக்கரவர்த்தி, கண்ணாடியில் தன் காதோரத்து நரைமயிர் ஒன்றைக் கண்டதும், மகனுக்கு முடி சூட்டிவிட்டுத் தான் தவத்துக்குப் போகவேண்டிய பருவம் வந்துவிட்டதென்று தீர்மானிக்கிறான். பௌத்த ஜாதகக் கதையில் வரும் மிதிலை மன்னன் மகாதேவனோ, தன் தலையில் நரை தென்படும் நாளில் மறைக்காமல் சொல்லவேண்டுமென்று நாவிதனுக்கு முன்கூட்டியே ஆணையிட்டிருந்தான். நெடுங்காலம் கழித்து அந்த நாள் வந்தபோது, நாவிதன் அந்த ஒற்றை மயிரைப் பொன் சாமணத்தால் பறித்து அரசனுடைய உள்ளங்கையில் வைக்க, அரசன் அவனுக்கு ஒரு கிராமத்தை மானியமாகக் கொடுத்து, மூத்த குமாரனிடம் ராஜ்யத்தை ஒப்புவித்து, துறவு பூண்டான். தோலில் சுருக்கத்தையும் தலையில் நரையையும் பேரப்பிள்ளையின் முகத்தையும் கண்ட கிருகஸ்தன் வனத்தை நாடவேண்டும் என்பது மனுஸ்மிருதியின் விதி.

இவற்றை மட்டுமே பிரமாணமாக எடுத்துக்கொண்டால், தலைச்சாயம் பூசுகிறவன் காலத்தின் ஆக்ஞையை மீறுகிறான், தன்னையும் பிறரையும் ஏமாற்றுகிறான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது சுலபம். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். வனத்துக்குப் போக வசதியுள்ள அரசர்களின் கதைகள் அவை. மகளுக்குக் கல்யாணம் ஆகாமல், கடனும் தீராமல், ஐம்பது வயதில் வேறு வேலை தேடி அலைகிற குமாஸ்தாவுக்கு நரை ஞானோதயமாக வருவதில்லை. 'வயதாகிவிட்டது, வேறு ஆள் பார்க்கிறோம்' என்ற பதிலாகத்தான் வருகிறது. இருபது வயதிலேயே இளநரை கண்டு, பெண் பார்க்க வருகிறவர்களின் பார்வைக்கு அஞ்சித் தலை குனிந்து நிற்கும் பெண்ணிடம் வானப்பிரஸ்தத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை. மதங்களும் இவ்விஷயத்தில் ஒருமுகமாகப் பேசவில்லை. மக்கா வெற்றியின்போது, அபூபக்கர் அவர்களுடைய முதிய தந்தையார் அபூகுஹாஃபா தும்பை நிறத் தலையோடும் தாடியோடும் அழைத்து வரப்பட, அந்த வெண்மையை ஏதேனும் ஒன்றால் மாற்றுமாறும், கறுப்பை மட்டும் தவிர்க்குமாறும் நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் நூல் கூறுகிறது. கறுப்பைப் பற்றிய அந்தத் தடையின் வரம்பு என்ன என்பதில் மார்க்க அறிஞர்களிடையே பேதம் உண்டென்றாலும், மருதாணி இட்டுச் சிவந்த தாடி அச்சமூகத்தில் மரியாதைக்குரிய காட்சியாகவே இருந்து வருகிறது. வள்ளுவரும், மயிரை மழிப்பதிலோ நீட்டுவதிலோ அறம் இல்லை, உலகம் பழிப்பதை ஒழிப்பதில்தான் இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னவர். அவரே வாய்மைக்கு இலக்கணம் வகுக்கும்போது, பிறருக்குத் தீங்கு சற்றும் விளைக்காத சொல் என்று வகுத்தார். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், கறுத்த தலை பொய்யா மெய்யா என்ற விசாரணை பின்னுக்குப் போய், அந்தக் கறுப்பு யாருக்காவது தீங்கு செய்கிறதா என்ற விசாரணை முன்னே வந்து நிற்கிறது.

ஆகவே அந்தக் கறுப்பின் ரிஷிமூலத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நிரந்தரச் சாயங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் பாரா-ஃபினிலீன்டையமீன் என்ற ரசாயனம், அல்லது அதன் நெருங்கிய உறவு. ஜெர்மன் ரசாயன மேதை ஹோஃப்மன் அதன் சாயமூட்டும் குணத்தை 1863-ல் விவரித்தார். 1907-ல் பாரிஸ் நகரத்தில் யூஜீன் ஷ்யுல்லேர் என்ற இளம் நிபுணர், பின்னாளில் லோரியால் என்று உலகமெங்கும் பெயர் பெற்ற நிறுவனத்துக்கு வித்தான தலைச்சாயத்தைத் தயாரித்தார். அம்மோனியா மயிரின் மேற்செதிள்களைத் திறந்துவிட, நிறமற்ற சிறு மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஆக்ஸிகரணம் செய்து ஒன்றோடொன்று பிணைக்க, சிறு பிஞ்சாகப் பானைக்குள் விட்ட வெள்ளரி உள்ளேயே பருத்து வெளியே வரமுடியாமல் நின்றுவிடுவதுபோல, அவை பெரிய நிறப்பொருளாக வளர்ந்து மயிருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. மயிருக்கு உயிரில்லை, அதற்கு இதனால் வலியும் இல்லை. ஆனால் மயிர் முளைத்திருக்கும் தோலுக்கு உயிர் உண்டு. பாதி வினையில் இருக்கும் பொருள்கள் அத்தோலில் படிந்து, சிலருடைய உடலில் ஒவ்வாமையை ஏற்படுத்திவிடுகின்றன. ஏற்பட்டது பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீங்குவதில்லை. பத்து வருஷம் பூசி ஒன்றும் ஆகாதவருக்கு அடுத்த முறை பூசிய மறுநாளோ அதற்கு மறுநாளோ காதுமடல் சிவந்து, நெற்றியோரம் கொப்புளித்து, இமைகள் கண் திறக்க முடியாதபடி வீங்கிவிடுவதற்கு இதுதான் காரணம். 'கறுப்பு மருதாணி', 'மூலிகைச் சாயம்' என்ற பெயரில் விற்பனையாகும் பொடிகள் பலவற்றிலும் இதே ரசாயனம் கலந்திருக்கிறது. கலப்பில்லாத மருதாணி எந்தத் தலையையும் செம்மையாக்குமே ஒழியக் கறுப்பாக்காது.

அமெரிக்காவில் 1933-ஆம் ஆண்டளவில் இமைக்குப் பூசும் சாயமொன்று பெண்களின் கண்களைப் பறித்தது, உயிரையும் பறித்தது. அந்த அநியாயம் 1938-ல் அந்நாடு புதிய சட்டம் இயற்றத் தூண்டுதலாக இருந்த காரணங்களில் ஒன்று. ஆனால் எச்சரிக்கை வாசகம் அச்சிட்டிருந்தால் போதும் என்று, நிலக்கரித் தாரிலிருந்து பிறந்த தலைச்சாயங்களுக்கு அதே சட்டம் ஒரு விலக்கும் கொடுத்தது. நம் நாட்டுச் சாயப் பெட்டிகளிலும், புருவத்துக்கும் இமைக்கும் பூசினால் பார்வை போகக்கூடும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. எறும்பைக் காட்டிலும் சிறிய எழுத்தில் இருக்கும் அதைப் படிக்கிறவர்தாம் இல்லை.

புற்றுநோயைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் பீதி கிளப்புவதும் தவறு, மூடி மறைப்பதும் தவறு. அனிலின் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை 1895-லேயே பிராங்ஃபர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் எடுத்துக் காட்டினார். தலைச்சாயத்தின் மூலப்பொருள்களும் அந்த ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 1975-ல் கலிபோர்னியாவில் புரூஸ் ஏம்ஸும் அவருடைய சகாக்களும் 169 சாயங்களைச் சோதித்து, அவற்றில் 150 பாக்டீரியாவின் மரபணுவை மாற்றக்கூடியவை என்று கண்டார்கள். அதன் பின்னர் சில மூலப்பொருள்கள் கைவிடப்பட்டன. வீட்டில் பூசிக்கொள்கிறவர்களைப் பொறுத்தவரை விடை இன்னும் தெளிவுபடவில்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் செவிலியரை 36 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020-ல் வெளியான ஆய்வு, பெரும்பாலான புற்றுநோய்களுக்கும் சாயத்துக்கும் தொடர்பு காணவில்லை, ஒரு சில வகைகளில் மட்டுமே சிறு மிகுதியைக் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டில் அந்நாட்டிலேயே வெளியான மற்றோர் ஆய்வு, நிரந்தரச் சாயம் பூசிய பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் நூற்றுக்கு 9 பங்கு அதிகமென்றும், கறுப்பினப் பெண்களுக்கு 45 பங்கு அதிகமென்றும் கண்டது. லியோன் நகரத்திலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாவற்றையும் சீர்தூக்கி, தனக்குத்தானே பூசிக்கொள்வதைப் பற்றி முடிவு கூறப் போதிய ஆதாரமில்லை என்றது. ஆனால் முடிதிருத்துவோரும் சிகையலங்காரம் செய்வோரும் தொழில்முறையில் அடையும் ஸ்பரிசத்தைப் பற்றி, அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று கருத வலுவான இடமிருக்கிறது என்று 1993-ல் சொல்லி, 2010-ல் வெளியிட்ட தொகுதியிலும் அதையே உறுதி செய்தது.

இந்த இடத்தில்தான் நம்முடைய கேள்வி உண்மையில் ஆத்மிகமான கேள்வியாகிறது. தலை என்னுடையது, கறுப்பின் பலனும் என்னுடையது, அபாயத்தின் பெரும்பகுதியோ அதைப் பூசுகிற கைகளுக்குரியது.

மகாபாரதத்தில் யயாதி மன்னன், சுக்கிராசாரியரின் சாபத்தால் திடீரென்று முதுமை எய்தி, ஆசை தீராமல், தன் கிழத்தனத்தை வாங்கிக்கொண்டு இளமையைத் தரும்படி புத்திரர்களை யாசிக்கிறான். நால்வர் மறுத்துவிட, கடைக்குட்டி பூரு சம்மதிக்கிறான். ஆயிரம் வருஷம் போகங்களில் திளைத்த யயாதி, போகத்தால் ஆசை அடங்காது என்று உணர்ந்து இளமையைத் திருப்பித் தந்ததைக் கதாகாலட்சேபக்காரர்கள் விரித்துரைப்பார்கள். அந்த ஆயிரம் வருஷமும் நரையும் திரையும் தாங்கி உட்கார்ந்திருந்த மகனைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கோ அக்கதையின் உயிர்நிலை பூருவின் உடம்பில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒருவன் தள்ளிவைத்த முதுமை ஆகாயத்தில் கரைந்துவிடவில்லை; இன்னொரு தேகத்தில் இறங்கிற்று.

எங்கள் ஊர்க் கடைத்தெருவிலுள்ள முடிதிருத்தும் நிலையத்தில் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத ஓர் இளைஞர் வேலை செய்கிறார். பொட்டலத்தைக் கத்தரித்துப் பொடியைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கொட்டி, தண்ணீர் விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் குழைத்து, வகிடு வகிடாகப் பிரித்துப் பூசுவார். அரைமணி நேரம் சென்றபின் வெறுங்கையாலேயே தலையை அலசிவிடுவார். நகங்களைச் சுற்றிக் கறுப்பு ஏறியிருக்கும். விரல் இடுக்குகளில் தோல் செதில் செதிலாக உரிந்து, கணுக்களில் கீறல் கீறலாக வெடித்திருக்கும். "என்ன தம்பி இது?" என்று கேட்டேன். "டை அடிச்சு அடிச்சு இப்படி ஆயிடுச்சுங்க சார். தண்ணி பட்டா எரியும். ஞாயித்துக்கிழமைதான் தாங்காது" என்று சொல்லிவிட்டு, தேங்காயெண்ணெயை விரல்களில் தடவிக்கொண்டு அடுத்தவருக்குத் துணி போர்த்தினார். மகாதேவ மன்னனுடைய நாவிதன் நரையைச் சொன்னதற்காகக் கிராமம் பெற்றான். இவர் நரையை மறைப்பதற்காகப் பெறுவது சொற்பக் கூலியும் இந்தப் புண்ணும்.

அவர் இஷ்டப்பட்டுத்தானே இந்தத் தொழிலுக்கு வந்தார், கூலியும் வாங்குகிறாரே என்று சிலர் வாதிப்பார்கள். பூரு என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தான். யயாதியும் நேரில் நின்று யாசித்து வாங்கினான். கடைசியில் மகனுக்கே அரசைக் கொடுத்துக் கடன் தீர்த்தான். நாம் கேட்கவும் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை, திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு வழியும் வைத்துக்கொள்ளவில்லை. அறியாதவனிடம் பெற்ற சம்மதத்தைச் சம்மதமென்று எந்தத் தர்ம சாஸ்திரமும் ஒப்புக்கொள்ளாது. கூலி அவருடைய நேரத்துக்கும் திறமைக்கும் ஈடாகுமே தவிர, அவருடைய தோலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் ஈடாகாது.

புறநானூற்றுப் பிசிராந்தையாரிடம், வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டார்கள். மாண்புள்ள மனைவி, நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாத அரசன், ஊரில் சான்றோர் பலர் என்று அவர் காரணங்களை அடுக்கினார். அவர் மருந்தையும் சொல்லவில்லை, மூலிகையையும் சொல்லவில்லை; சுற்றியிருந்தவர்களைச் சொன்னார். அதில் ஏவலரும் ஒரு காரணமாக இடம்பெற்றிருப்பது என் நெஞ்சைத் தொடுகிறது. அந்தக் கறுப்பு யாருடைய கையையும் புண்ணாக்காமல் வந்த கறுப்பு.

நரையை மறைக்க விரும்பும் அன்பர்களிடம் நான் துறவை வேண்டவில்லை. மருதாணியின் செம்மை போதுமென்றால் அதுவே உத்தமம். கறுப்புத்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் காதின் பின்புறத்தில் துளி பூசி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ கண்டால் அந்தச் சாயத்தை அன்றோடு விட்டுவிடுங்கள். புருவத்துக்கும் இமைக்கும் ஒருநாளும் பூசாதீர்கள். கடைக்குப் போய்ப் பூசிக்கொள்கிறவர்கள், மருந்துக்கடையில் நைட்ரைல் கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போய், பூசும்போது மட்டுமல்லாமல் தலையை அலசும்போதும் அதை அணிந்துகொள்ளும்படி பூசுகிறவரை வற்புறுத்துங்கள். அது எதற்கென்று அவருக்கு விளங்கச் சொல்லுங்கள். அடுத்த வாடிக்கையாளருக்கு வேண்டிய கையுறையின் விலையையும் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.