மடவையின் ஈரல்

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் கம்பிக் கதவுக்கு என்ன பெயின்ட் அடித்தாலும் மறு மழைக்குள் பொரிந்து உதிர்கிறது, கம்பி துருப்பிடிக்கிறது. உப்புக் காற்று, வேறென்ன என்று விட்டுவிடுகிறோம். அப்படித் துருப்பிடிப்பதற்கு வேதியியல் பெயர் ஆக்சிஜனேற்றம். நம் உடம்புப் புரதங்களிலும் அது நடக்கிறது. இரும்புத் துரு விரலில் ஒட்டும். புரதத்தில் ஏறியதை எப்படிப் பார்ப்பது?

புரதத்தில் ஆக்சிஜனுக்கு எளிதில் அகப்படுவது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணு. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் அதில் ஓர் ஆக்சிஜன் ஏறும். இந்த முதல் படியிலிருந்து அது பழைய நிலைக்குத் திரும்பலாம். மேலும் இரண்டு ஆக்சிஜன் ஏறினால் மீட்சி இல்லை. சிக்கல் என்னவென்றால், செல்லை உடைத்துச் சோதித்தால் வெளிக்காற்றும் தன் பங்குக்கு ஆக்சிஜனை ஏற்றிவிடும். உயிரோடிருந்தபோது ஏறியது எது, உடைத்தபின் ஏறியது எது என்று பிரிக்க முடியாது.

இதற்காக வந்ததுதான் டைன்-2. முதல் படியில் நிற்கும் கந்தகத்தைத் தேடிப் பிடிக்கும் டைமெடோன் என்ற பொருளுக்கு ஒரு வால் சேர்த்துச் செய்தது. உயிருள்ள செல்லுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்ளும்; பிறகு வாலில் ஒளிரும் சாயத்தைக் கோத்துப் பார்க்கலாம். வேதியியலாளர் கேட் கேரலின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், செல்லை வளரச் சொல்லும் ஓர் ஏற்பிப் புரதத்தின் 797-ஆவது இடத்துச் சிஸ்டீனில் ஆக்சிஜன் ஏறியதும் அதன் வேலை கூடியது. அதாவது, அளவோடு ஏறினால் அது செல்லின் அன்றாடப் பேச்சு. மிஞ்சினால்தான் கேடு. எந்தக் கணத்தில் மிஞ்சியது என்பது வெளியே தெரிவதில்லை.

இங்கேதான் எனக்கு மீஞ்சூருக்குப் பக்கத்து எண்ணூரின் மடவை மீன் நினைவுக்கு வருகிறது. பாரதி மகளிர் கல்லூரி உயிர்வேதியியல் துறையினர் மாசு மிகுந்த எண்ணூர்க் கழிமுகத்து மடவையையும் மாசு குறைந்த கோவளத்து மடவையையும் ஒப்பிட்டார்கள். எண்ணூர் மீனின் ஈரலில் ஆக்சிஜனேற்றச் சேதம் அதிகம். புரதங்களைக் காக்கும் எச்.எஸ்.பி.-70-உம் அதிகம். அந்த மீன் நீந்திக்கொண்டும் கூடைக்கு வந்துகொண்டும்தான் இருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே ஈரல் ஓயாமல் ஈடுகொடுத்துக்கொண்டிருந்தது.

தாங்கிக்கொண்டிருப்பதை நலம் என்று கணக்கெழுதுகிறோம். மீனுக்கும் அப்படித்தான், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றுக்கும் அப்படித்தான், அதன் கரையில் இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறவனுக்கும் அப்படித்தான். 2023 டிசம்பரில் எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகெல்லாம் கறுத்தபிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது.

உயிருள்ள செல்லிலேயே முதல் படியைப் பிடிக்கும் கருவி கையில் இருக்கிறது. எண்ணூர் மடவையின் ஈரல் செல்லில் அதைப் போட்டுப் பாருங்கள். படகு கறுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.