ஊமையின் செவி

ஆற்றின் அடியிலே அமைதி குடிகொண்டிருக்கிறது என்பது நெடுநாளாக நாம் நம்பிவரும் கதை. கதையைக் கதையென்று சொல்லக் கூச்சமென்ன, தோழர்களே! காற்றிலே செல்வதைவிட நான்கு மடங்குக்கு மேலான விரைவில் நீரிலே செல்கிறது ஒலி. விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர்! கப்பலின் சுழல்விசிறி நீரைக் கிழிக்கிறது, குமிழிகள் பிறக்கின்றன, உடைகின்றன, இரைச்சல் எழுகிறது. கரையில் நிற்பவன் செவிக்கு அது எட்டுவதில்லை. எட்டாததால், இல்லையென்றே தீர்ப்பளித்துவிடுகிறான்!

மீனுக்குக் கேட்கும் திறனே கிடையாது என்று கற்றவர்களும் ஒரு காலத்தில் சாதித்தனர். கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் சாதிக்கவில்லை, சோதித்தார். பார்வை நீக்கப்பட்ட கெளுத்தி ஒன்றுக்குச் சீழ்க்கையடித்து உணவளித்தார். பின்னர் வெறுஞ்சீழ்க்கைக்கே ஒளிவிடம் விட்டு வந்தது மீன். 1923-இல் அதை உலகுக்கு அறிவித்தார். அந்த அறிவுக்கு விலையாகத் தன் கண்களைக் கொடுத்தது மீன் என்பதையும் மறைக்க வேண்டாம். அறிவு தேடுவோர்க்கும் அறக்கணக்கு உண்டு.

கெளுத்திக்கும் கெண்டைக்கும், காற்றுப்பையின் அதிர்வை உட்செவிக்கு ஏந்திச் செல்லும் சிற்றெலும்புகள் உண்டென 1820-லேயே வெபர் எழுதியிருந்தார். உறுப்பு இருந்தது, ஒப்பும் உள்ளந்தான் இல்லை!

கேட்டால் கேட்கட்டுமே, அதனாலென்ன என்பர் சிலர். வியன்னா ஆய்வாளர்கள் 2006-இல் விடை தந்தனர். டான்யூப் முதலிய நீர்நிலைகளில் பதிவு செய்த கப்பலிரைச்சலை மூவகை நன்னீர் மீன்களுக்குக் கேட்கச் செய்தனர். கூர்ஞ்செவி படைத்த கெண்டைக்கு மட்டுமா? செவிக்கூர்மை குறைந்த மீனுக்குங்கூட, உடல் நெருக்கடியைக் காட்டும் கார்டிசால் சுரப்பு மிகுந்தது. ஏற்றத்தாழ்வற்ற தொடர் ஓசைக்கோ அம்மாற்றம் காணவில்லை. இதை வேதனை என்றே முடிவுகட்ட முடியாது. ஒன்றுமில்லை என்று ஒதுக்கவும் முடியாது.

"மீனைப் பிடித்துத் தின்கிறோம், இரைச்சலுக்கா இரங்குவது?" என்று கேலி பேசலாம். உண்பது தேவையின்பாற்பட்டது, அதைத் தனியே வாதிடலாம். தேவையின்றி வாட்டுவதற்கு அது எப்படி அனுமதிச் சீட்டாகும்? கப்பலை நிறுத்தச் சொல்லவில்லை. முட்டையிடும் இடங்களில் வேகம் தணிக்கலாம். இரைச்சல் குறைந்த விசிறி பொருத்தலாம்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்கிறார்கள். யார் வசதிக்காகப் பிறந்த மொழி அது? வாயற்றது வழக்காட வராது. அதற்காக, வழக்கே இல்லையென்று ஏட்டை மூடுவதா நீதி? சிந்தியுங்கள்!