யார் கோழை?

துணிவைப் போற்றாத நாடில்லை. கோழையைத் தூற்றாத மொழியில்லை. ஆனால் எது துணிவு, எது கோழைத்தனம் என்று நாம் நிதானமாக எண்ணிப் பார்த்ததுண்டா? வாளை எதிர்த்து நின்றவனை வீரன் என்கிறோம். வாளுக்கு அஞ்சி ஒதுங்கியவனைக் கோழை என்கிறோம். அத்துடன் வழக்கு முடிந்தது, தீர்ப்பும் எழுதியாயிற்று என்று எழுந்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு தவறானது. தவறு என்று காட்ட, பாகிஸ்தானின் ஒரு மலையூரில், ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரே ஒரு நாளின் வருகைக் கணக்குப் போதும்.

வடமேற்குப் பாகிஸ்தானில் உள்ளது சுவாத் பள்ளத்தாக்கு. மிங்கோரா அதன் பெரிய நகரம். 2007ஆம் ஆண்டு முதல் அங்கே தாலிபான்களின் கை ஓங்கிற்று. அவர்களின் தலைவன் பஸ்லுல்லா வானொலி வழியே வீடுதோறும் நுழைந்தான். முதலில் அறிவுரை வந்தது. அடுத்து எச்சரிக்கை வந்தது. இறுதியில் ஆணை வந்தது. 2009 சனவரி 15க்குப் பிறகு பெண் எவளும் பள்ளி செல்லலாகாது என்றது அந்த ஆணை. அதற்கு முன்பே பள்ளிக் கட்டடங்கள் பல வெடிவைத்துத் தகர்க்கப்பட்டிருந்தன. எனவே, அது வெற்று மிரட்டல் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சனவரியில் பி.பி.சி.யின் உருதுப் பிரிவு ஒரு பள்ளிச் சிறுமியின் நாட்குறிப்பை வெளியிடத் தொடங்கிற்று. எழுதியவள் பெயர் குல் மகாய் என்றிருந்தது. அது புனைபெயர். உண்மைப் பெயர் மலாலா யூசுப்சாய், வயது 11. அவளுடைய தந்தை சியாவுதீன் மிங்கோராவில் பள்ளி நடத்தியவர். நாட்குறிப்பின் தொடக்கத்திலேயே அந்தச் சிறுமி ஒரு கணக்கைத் தருகிறாள்: வகுப்பில் பயில்வோர் 27 பேர், அன்று வந்தோர் 11 பேர்.

இருபத்தேழில் பதினொருவர்! சீருடை அணிந்தால் அடையாளம் தெரியுமென்று வீட்டு உடையில் வந்தார்கள். புத்தகத்தைப் போர்வைக்குள் மறைத்து வந்தார்கள். கள்ளப் பொருள் கடத்துவோர் போல ஏட்டையும் எழுதுகோலையும் கடத்தி வந்தார்கள்! அவர்களுள் ஒருத்தியின் பெயரை உலகம் அறியும். மற்றப் பத்துப் பேரின் பெயர் நமக்குத் தெரியாது. பெயர் தெரியாததால் அவர்களுடைய துணிவு குறைந்துவிடுமா? ஒருநாளும் இல்லை.

அப்படியானால் வராத பதினாறு பேர்? நம் கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகிறது. அவர்கள் கோழைகளா? குடும்பத்தோடு வேறு ஊர்களுக்குப் பெயர்ந்தவர்கள் உண்டு. தாய் தந்தையர் தடுத்து நிறுத்தியவர்கள் உண்டு. அந்த நாட்குறிப்பை எழுத முதலில் முன்வந்தவளே வேறொரு மாணவிதான். மகளின் உயிருக்கு அஞ்சி அவளுடைய பெற்றோர் தடுத்துவிட்டனர். அந்தப் பெற்றோரைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு நா எழுமா? அஞ்சத்தக்கதைக் கண்டு அஞ்சாதிருப்பதை வள்ளுவரே அறியாமையின் பக்கத்தில்தான் வைத்தார். துப்பாக்கி நிற்கும் தெருவில் தன் குழந்தையை அனுப்ப மறுத்த தாயின் அச்சம், அன்பின் மறுபெயரே அன்றி வேறில்லை.

“சரி, மகளை எழுதவிட்ட சியாவுதீன்? பதினொரு வயதுக் குழந்தையைப் போர்க்களத்தில் இறக்குவது முறையா?” என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். வீரம் விளையட்டும் என்று பிறர் பிள்ளைகளைத் தீயில் தள்ளும் கூட்டத்தை நாம் அறிவோம். ஆனால் சியாவுதீன் மகளின் பின்னால் ஒளிந்துகொண்டவரல்லர். தம் பெயரிலேயே, தம் ஊரிலேயே, தாலிபான்களை எதிர்த்துப் பேசி வந்தவர். ஆபத்தை அவர் அழைத்து வரவில்லை. அது பள்ளி வாசலிலேயே வந்து நின்றது. அப்போதும் அவர் செய்தது முற்றிலும் சரி என்று முத்திரை குத்த நான் வரவில்லை. குண்டு பாய்ந்தது குழந்தையின் தலையில் அல்லவா? நான் கேட்பது வேறொன்று: ஒரு குழந்தை பேச வேண்டிய நிலை ஏன் வந்தது? பேச வேண்டிய பெரியவர்கள் எங்கே போனார்கள்?

பாகிஸ்தானில் அரசு இருந்தது. படை இருந்தது, பீரங்கி இருந்தது, நீதிமன்றமும் சட்டப் புத்தகமும் இருந்தன. இத்தனையும் உடைய அரசு 2009 பிப்ரவரியில் என்ன செய்தது? அமைதி வேண்டுமென்று அந்த மண்டலத்தையே மதச் சட்டத்துக்கு ஒப்படைக்கும் உடன்பாட்டைச் செய்துகொண்டது! மே மாதத்தில் படையெடுப்புத் தொடங்கும்வரை, வலிமை உள்ளவர்கள் பேரம் பேசினார்கள். வலிமை இல்லாத சிறுமி உண்மை பேசினாள். யார் கோழை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது, தோழர்களே!

1880இல் மைவாண்டுப் போர்க்களத்தில் ஆங்கிலேயருக்கு எதிராகத் தம் இனத்தாரை ஊக்கி உயிர்விட்டதாகப் பஷ்தூன் மக்கள் போற்றும் மலாலாயின் பெயரைத்தான் சியாவுதீன் மகளுக்கு வைத்தார். போர்க்களத் துணிவுக்குப் பழங்கதைகள் உண்டு, பாட்டுகள் உண்டு. நாள்தோறும் காலையில் எழுந்து, முகம் கழுவி, அஞ்சிக்கொண்டே பள்ளிக்கு நடப்பதற்கு எந்தப் பழங்கதையும் இல்லை. ஆயினும் இரண்டாவதே அரிது. ஏனெனில் போர் ஒருநாளில் முடிந்துவிடும். பள்ளியோ நாளையும் உண்டு.

2012 அக்டோபர் 9. பள்ளி முடிந்து திரும்பிய வண்டியை நிறுத்தி, “மலாலா யார்?” என்று கேட்டுச் சுட்டான் ஒருவன். உடனிருந்த மாணவியர் இருவரும் காயமுற்றனர். பெசாவரிலும் ராவல்பிண்டியிலும் உயிரைப் பிடித்து நிறுத்தினர் மருத்துவர்கள். பிறகு இங்கிலாந்தின் பர்மிங்காமில் மருத்துவம் தொடர்ந்தது. 2013 சூலை 12இல், தம் பதினாறாம் பிறந்தநாளில், ஐக்கிய நாடுகள் அவையில் மலாலா பேசினார். 2014இல் கைலாசு சத்யார்த்தியுடன் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 17. 2020இல் ஆக்சுபோர்டில் பட்டம் பெற்றார்.

உலகம் அந்தக் குண்டைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் குண்டு அவருக்குத் துணிவைத் தரவில்லை. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே அவரிடம் துணிவு இருந்தது. காயத்தை வணங்கினால் நம் கடமை தீர்ந்துவிடும் என்று எண்ணுவது, சிலைக்கு மாலையிட்டுவிட்டுக் கொள்கையை மறக்கும் பழைய பழக்கமே. புது வகைப் பூசை! அதற்குப் பகுத்தறிவாளர் துணைபோகலாமா?

சுவாத்தில் தோற்ற ஆணை ஆப்கானிஸ்தானில் அரசாணையாயிற்று. 2021 ஆகஸ்டில் காபூலைத் தாலிபான்கள் பிடித்தனர். செப்டம்பரில் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆண் பிள்ளைகள் மட்டும் அழைக்கப்பட்டனர். 2022 மார்ச்சு 23இல் பள்ளி திறக்கிறது என்று நம்பி வந்த பெண்கள் அன்றே திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் சாத்தப்பட்டது. வீட்டு அறைகளில் மறைவாகப் பாடம் சொன்ன ஆசிரியைகள் அங்கே இருந்தனர். அவர்கள் பெயரை வெளியிடுவதே அவர்களுக்கு ஆபத்து. அஞ்சிக் கதவடைத்த ஆசிரியைகளும் இருந்திருப்பர். இருவரையும் பழிக்க எனக்கு உரிமையில்லை.

நான் கண்ட அளவுகோல் இதுதான்: ஆபத்துக்கேற்ற அச்சம் கோழைத்தனம் ஆகாது. ஆபத்தே இல்லாத இடத்தில் அடங்கிக் கிடப்பதுதான் கோழைத்தனம். ஆபத்து மிகுந்த இடத்தில் பேசுவது வீரம். அதை யாரிடமும் கட்டளையாகக் கேட்க முடியாது. ஆபத்து குறைந்த இடத்தில் பேசுவது கடமை; அதை எல்லோரிடமும் கேட்கலாம்.

கேட்கிறேன். நம் ஊர்த் தெருவில் துப்பாக்கி இல்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது விடை வராத பெண்பெயர்கள் உண்டு. விடுமுறை முடிந்தது, அந்தப் பெண் வரவில்லை. கேட்டால் “நல்ல இடம் வந்தது, முடித்துவிட்டோம்” என்பார்கள். பதினெட்டுக்கு முன் மணம் குற்றம் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். மணப்பந்தலில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கும் அது தெரியும். அந்த வீட்டுப் படியேறி “ஏன் நிறுத்தினீர்கள்?” என்று கேட்டால் நமக்கு என்ன போய்விடும்? ஓர் உறவினரின் முகம் கோணும். ஒரு வாய் ஏசும். அவ்வளவுதானே! அந்த விலையைக்கூடக் கொடுக்க மாட்டாதவன் மலாலாவைப் புகழ்வதில் பொருளுண்டா?

படிப்பதற்கு ஒரு பெண்ணுக்குத் துணிவு வேண்டியிருந்தால், அந்தத் துணிவு அவளுக்குப் பெருமை. அந்த நாட்டுக்கு இழிவு. சோம்பல் முறித்துக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாமல், தோழியோடு சண்டையிட்டுக்கொண்டு, சாதாரணமாகப் பள்ளிக்குப் போகும் உரிமை எல்லாப் பெண்களுக்கும் வேண்டும். வீராங்கனைகளாகும் சுமையை அந்தக் குழந்தைகளின் தோளிலிருந்து இறக்கி, நம் தோளில் ஏற்றிக்கொள்வோம். புறப்படுங்கள், தோழர்களே, உங்கள் தெருவில் எந்த வீட்டுப் பெண் பள்ளிக்குப் போகவில்லை என்று முதலில் கேட்டு வாருங்கள்!