அறிவிப்பாளர் இல்லாத செய்தி

செய்தி எழுதுவதற்கு மனிதன் வேண்டுமா என்று பத்தாண்டுகளுக்கு முன் எவரேனும் கேட்டிருந்தால் நாம் நகைத்திருப்போம். இன்று நகைக்க இயலவில்லை. 2023 ஜூலையில் ஒடிசாவின் ஓடிவி தொலைக்காட்சி, கணினி படைத்த 'லிசா' என்னும் உருவத்தைச் செய்தி வாசிக்கச் செய்தது. 2024 மே மாதம் தூர்தர்ஷனின் கிசான் அலைவரிசை கிருஷ், பூமி எனும் இரு உருவங்களை உழவர்களுக்கென அமர்த்தியது. வாசிப்பவர் யாராயினும் நமக்குப் பெருங்கவலையில்லை. ஆனால் செயற்கை நுண்ணறிவு செய்தியை எழுதவும் தொடங்கிவிட்டது. அச்செய்திக்குச் சாட்சி யார் என்பதே நம் கேள்வி.

பழனி மலைத்தொடரின் மேலே கொடைக்கானலில் நடந்த ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று 1980களில் அங்கே நிறுவப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த ஒரு காயலான் கடையில் (இப்பெயரே காயல்பட்டினத்து வணிகர்களால் வந்ததென்பர்) பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, டன் கணக்கில் குவிந்து கிடந்ததை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று.

2000ஆம் ஆண்டிலேயே இன்றைய இயந்திரம் இருந்து, கொடைக்கானலைப் பற்றி எழுதப் பணித்திருந்தால் அது எதை எழுதியிருக்கும்? 1863இல் உருவாக்கப்பட்ட ஏரியை, பேரிக்காயை, பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியை இனிய தமிழில் எழுதியிருக்கும். ஒன்றும் பொய்யன்று. ஆயினும் அந்தக் கண்ணாடிக் குவியல் அதில் இராது. நாளிதழ்ப் பக்கங்களுக்கு அது இன்னும் வந்திருக்கவில்லை. எழுதப்பட்டவற்றைக் கற்றே இயந்திரம் எழுதுகிறது. எழுதப்படாததைக் காண அதற்குக் கண்ணில்லை. தேடிச் செல்லக் காலுமில்லை. நம்மைப் போன்ற நாடுகளின் துன்பங்களிலோ பெரும்பகுதி எழுதப்படாதவை. இதனினும் கேடாக, அறியாததை அறிந்ததுபோல் புனைந்துரைக்கும் பழக்கமும் அதற்குண்டு.

இங்கே ஹதீஸ் கலை நமக்குத் துணை வருகிறது. ஒரு செய்தி எத்துணை அழகியதாயினும், அதை உரைத்தவர் யார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தது மெய்தானா, அவருடைய வாய்மை எத்தகையது, நினைவாற்றல் எத்தகையது என்றெல்லாம் துருவிய பின்னரே இமாம் புகாரி போன்றோர் ஏற்றனர். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வதற்கென்றே ஒரு தனிக்கலை வளர்ந்தது. வாசகத்தில் மயங்காது 'இஸ்னாத்' எனும் அறிவிப்பாளர் தொடரைத் தேடியவர்கள் அவர்கள். இயந்திரச் செய்தியில் வாசகம் உண்டு, தொடர் இல்லை. பொய்யரென்று கண்டவரை ஒதுக்கிவைக்கும் வழக்கும் இங்கே செல்லாது. பொய்யுரைக்க ஓர் உள்ளம் வேண்டும். பின்னர் வெட்கப்படவும் அதுவே வேண்டும்.

இயந்திரமே கூடாதென்பது நம் கருத்தன்று. ஆங்கிலத்தில் குவிந்து கிடக்கும் ஆய்வறிக்கைகளையும் நீதிமன்ற ஆவணங்களையும், தொழிலாளியின் மனைவியும் படித்தறியும் தமிழில் அது தருமாயின் மகிழ்வோம். ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டு, அடியில் தம் பெயரை இடவேண்டும், அவ்வளவே. நம் அச்சம் வேறு. சிற்றூர்ப் பகுதிநேர நிருபர் பெறும் ஊதியம் ஏற்கெனவே சொற்பம். அதையும் மிச்சப்படுத்தப் பத்திரிகை நிர்வாகங்கள் முனைந்தால், மலைப்பாதையில் பேருந்தேறிச் சென்று காயலான் கடை வாசலில் நிற்பவர் எவர்?

ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. அதுவரை தம் உடல்நலக் கேட்டை அவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தனர். ஆலைப்பணியால் வந்ததன்று என நிறுவனம் மறுத்துவந்தது. இரு தரப்பையும் கேட்டு எழுதியவர்களுக்குப் பெயரும் முகவரியும் இருந்தன. எழுதியது தவறென்றால் நிறுவனம் அவர்களை வழக்கு மன்றத்துக்கு இழுக்கலாம். எழுதாது விட்டால் தொழிலாளி அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம்.