காலமும் கணக்கும்: கத்தோலிக்கப் பொறுப்பாண்மை பற்றிய ஒரு நோக்கு

உடைமை யாருக்குரியது என்பது ஒழுக்கவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. கத்தோலிக்க மரபு இதற்கு அளிக்கும் விடை சுருக்கமானது. மனிதன் தான் வைத்திருக்கும் எதற்கும் முழு உரிமையாளன் அல்லன்; தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணிக் கணக்குக் கொடுக்கவேண்டிய பொறுப்பாளன். லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் செல்வர் ஒருவர் தம் பணியாளனை அழைத்துக் கணக்குக் கேட்கிறார். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு அவனை உக்கிராணக்காரன் என்று குறித்தது. உக்கிராணம் என்பது பண்டகசாலை. அதன் திறப்பு அவன் இடுப்பில் இருக்கலாம். உள்ளே இருக்கும் நெல் அவனுடையதன்று.

இக்கருத்துத் திருச்சபையில் தொடர்ந்து வளர்ந்து வந்துள்ளது. 4ஆம் நூற்றாண்டில் செசாரியாவின் ஆயராயிருந்த புனித பசீலியார், களஞ்சியத்தில் முடங்கிக் கிடக்கும் அப்பம் பசித்தவனுக்கே உரியது என்று போதித்தார். 13ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினாஸ் தோமையார், பொருளை ஈட்டவும் நிருவகிக்கவும் தனிமனிதனுக்கு உரிமை உண்டென ஏற்றுக்கொண்டார். ஆயின் அதன் பயன் பொதுவானது என்றும், இல்லாதவனோடு அதைப் பகிர ஆயத்தமாய் இருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தார். உலகின் செல்வங்கள் மக்கள் அனைவருக்காகவும் உள்ளன என்பதை 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீண்டும் வலியுறுத்தியது.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. பொறுப்பு எந்நாளும் உரியதாயின் அதற்கெனத் தனிக்காலங்கள் எதற்கு? தபசுகாலத்தின் நாற்பது நாளை இறைவனுக்கும் ஏழைக்கும் ஒதுக்குபவன், எஞ்சிய நாள்கள் தனக்கே உரியவை எனச் சொல்லாமற் சொல்கின்றான் அல்லனோ? நாட்காட்டி ஏவச் செய்வது அறமாகுமோ?

முதலாம் வினாவிற்கு விடை மனித இயல்பிலேயே உள்ளது. எந்நாளும் செய்யவேண்டிய கடமை எந்நாளும் ஒத்திவைக்கப்படும் கடமையாக எளிதில் மாறிவிடும். வணிகன் ஆண்டு முடிவிற் சரக்கிருப்பைக் கணக்கெடுக்கிறான். அந்த ஒருநாள் மட்டும் நேர்மையாய் இருப்பது அதன் நோக்கமன்று. ஏனைய நாள்களில் நேர்மையாய் இருந்தானா என்பதை அந்நாள் காட்டிவிடுகிறது. திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்புப் பெருவிழா வரை, ஞாயிறுகள் நீங்கலாக எண்ணப்படும் நாற்பது நாள்களும் அத்தகைய கணக்கெடுப்பே.

அக்கணக்கு எதைக் கேட்கின்றது என்பதே முக்கியமானது. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் தருமம், செபம், நோன்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே வைக்கின்றது. ஒருசந்தியால் மிஞ்சிய உணவு இல்லாதவனைச் சென்றடையாவிடின் அது வெறும் சிக்கனமே. நம் கரையோரக் கிராமங்களில் இதனை நன்கு காணலாம். வெள்ளிக்கிழமையில் இறைச்சியை விலக்கிச் சுத்தபோசனம் காப்பவர், அதனிலும் விலைகூடிய மீனையும் இறாலையும் வாங்கி உண்ணுதல் உண்டு. கட்டளை காக்கப்படுகின்றது, அதன் பொருள் கைவிடப்படுகின்றது. இறைச்சி செல்வரின் உணவாயிருந்த சமுதாயத்தில் வேரூன்றிய விதி, மீன் அன்றாட உணவாகிய இடத்தில் அதே தியாகத்தைக் கோருவதில்லை.

1966ஆம் ஆண்டிற் பாப்பரசர் ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் திருத்தியபோது இச்சிக்கலை உணர்ந்திருந்தார் எனலாம். சுத்தபோசனத்துக்கு ஈடாக அன்புப் பணிகளை விதிக்க ஆயர்களுக்கு அவர் இடமளித்தார். வசதி படைத்த நாடுகளிடம் தன்னொறுப்பையும் ஈகையையும் கோரினார். வறிய நாட்டினரோ சமூகநீதிக்காக உழைத்தவாறே தம் துன்பத்தைச் செபத்தில் ஒப்புக்கொடுத்தல் சாலும் என்றார். இவ்வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. விரும்பி ஏற்ற பசியும் விதிக்கப்பட்ட பசியும் ஒன்றல்ல. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்க, வள்ளம் கரையில் கிடக்கும் வீட்டிற் பலநாள் ஒருவேளை உணவே உண்டு. அவ்வீட்டாருக்கு நோன்பின் மேன்மையை எடுத்துரைப்பது அறமன்று. அந்த வாடைக்காலத்திலேயே திருவருகைக் காலமும் வருகின்றது. நத்தாருக்குப் புத்தாடை வாங்கக் கடன்படும் குடும்பம் அயலில் இருக்க, தன் வீட்டு ஆயத்தங்களை மட்டும் எண்ணுபவன் யாருடைய வருகைக்குக் காத்திருக்கின்றான்?

பொறுப்பாண்மை பணத்தோடு முடிவதுமன்று. பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டிற் படைப்பின் பராமரிப்புப் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டு, செப்டெம்பர் முதலாந் திகதியை அதற்கான செப நாளாகவும் ஏற்படுத்தினார். கடலும் ஓர் உக்கிராணமே. டைனமைற் வெடித்து மீன்குஞ்சுகளையும் அழிப்பவன் வெள்ளிதோறும் நோன்பிருப்பினும், நாளைய தலைமுறையின் பங்கைக் களவாடியவனே ஆவான்.

நாட்காட்டி ஏவுவது அறமாகுமோ என்ற இரண்டாம் வினாவும் புறக்கணிக்கத்தக்கதன்று. நற்செயலைப் பன்முறை செய்தே மனிதன் நல்லவனாகிறான் என்பது அரிஸ்டோட்டிலின் கொள்கை. அவ்வகையிற் காலங்கள் பயிற்சிக்களங்கள். மேலும், ஊரே ஒருசேர நோற்கும் நாளில் தனியொருவனின் நோன்பு பிறர் கண்ணிற் படுவதில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கவேண்டும் என்ற போதனைக்கு இப்பொதுமை துணைசெய்கின்றது. ஆயின் பொதுமை வெறும் வழக்கமாய் இறுகிவிடும் ஆபத்தும் இதிலேயே உண்டு. எவ்வளவு பயின்றாலும் உள்ளம் இசையாவிடின் பயிற்சி அறமாகாது. காலம் வாயிலைத் திறக்கலாம்; உள்ளே செல்லவேண்டியவன் மனிதனே.

இவற்றினின்று ஒரு முடிவு பெறப்படுகின்றது. பொறுப்பாளன் கொடுப்பது தன் பொருளையன்று. ஆதலின் அது தயவுமன்று. உரியவனுக்கு உரியதைத் திருப்பிக் கொடுத்தவன் நன்றியை எதிர்பார்த்தல் தகாது. அவ்வாறே, தன் வள்ளத்தில் உழைப்பவனின் கூலியைக் குறைத்துவிட்டு ஆலய உண்டியலை நிரப்புபவன் கணக்கைச் சரிசெய்தவனாகான். நீதியிற் குறைவைத்து ஈகையால் நிரப்பமுடியாது.

ஆதலின் தபசுகாலத்தின் மெய்யான சோதனை பெரிய வெள்ளியன்று நிகழ்வதில்லை. உயிர்ப்பு விழாவின் விருந்து முடிந்து, பாத்திரங்கள் கழுவப்பட்டு, வேலையாள் கூலிக்காக வாசலில் வந்து நிற்கும் திங்கட்கிழமையிலேயே அது நிகழ்கின்றது.